“முதல் பாகம் அளவுக்கு இல்லை”

டிசம்பரின் பின்பாதியில் திருவனந்தபுரத்துத் திரையரங்க வாசல்களில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் இது. மலையாளத்தில் சொல்பவர் “ஆத்ய பாகத்தின்டெ அத்ர இல்ல” என்பார். சாலைக் கடைத்தெருவிலிருந்தும் கரமனையிலிருந்தும் வரும் தமிழர், நாகர்கோவில் பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர், “முதல் பாகம் அளவுக்கு இல்லை” என்பார். பொருள் ஒன்றே. இரண்டாம் பாகத்தைப் பற்றிய தீர்ப்பாகவே இதைக் கேட்போர் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் இலக்கண அமைப்பை உற்றுநோக்கினால் இது இரண்டாம் பாகத்தைப் பற்றிச் சொல்வது மிகக் குறைவு. முதல் பாகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. பார்வையாளர் கருத்து என்று நாம் அழைப்பதைச் சட்டம் போட்டு நிறுத்திவைக்க வேண்டும் என்ற கோரிக்கை கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் நீதிமன்றப் படியேறிவிட்ட நிலையில், அந்தக் கருத்து எத்தகைய மொழிச்செயல் என்பதை மொழியியல் படித்தவர்களாவது சற்று நின்று பார்க்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு படத்தை வைத்துக்கொள்கிறேன். மிதுன் மானுவல் தாமஸ் இயக்கி, ஜெயசூர்யா ஷாஜி பாப்பனாக நடித்த ‘ஆடு 2’. அது 2017 டிசம்பர் 22 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கென்று வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டு கிறிஸ்துமஸ் கேரளத் திரையரங்குகளுக்கு வறண்ட கிறிஸ்துமஸ். வருவாய்ப் பங்கீட்டுத் தகராறில் தயாரிப்பாளர்களும் திரையரங்க உரிமையாளர்களும் முரண்பட்டு நின்றதால் 2016 டிசம்பரில் புதிய மலையாளப் படங்கள் வரவில்லை. அந்தப் பசிக்குப் பிறகு வந்த 2017 டிசம்பரில் ‘மாஸ்டர்பீஸ்’, ‘மாயாநதி’, ‘விமானம்’, ‘ஆன அலறலோடலறல்’ எனப் பல படங்கள் ஒரே வாரத்தில் முட்டிமோதின. தமிழிலிருந்து ‘வேலைக்காரன்’ வேறு. அத்தனைக்கும் நடுவே மக்கள் ஆட்டைத் தேடிப் போனார்கள்.

இதில் வியப்பு என்னவென்றால், அதன் முதல் பாகமான ‘ஆடு ஒரு பீகர ஜீவி ஆணு’ 2015 பிப்ரவரியில் வெளியானபோது திரையரங்குகளில் தோற்றுப்போன படம். வடம் இழுக்கும் போட்டியில் வென்று ஓர் ஆட்டைப் பரிசாகப் பெறும் முரட்டுக் கும்பலும், நேரங்காலம் தெரியாமல் முதுகுவலி வந்து மடங்கிப்போகும் அதன் தலைவனும், அந்த ஆடு இழுத்துவரும் வம்புகளும்தான் கதை. அன்று அதற்குக் கிடைத்த மலையாளச் சொல் ‘சளி’. தமிழ்க் காதுக்கு இது மூக்கடைப்பை நினைவூட்டும். மலையாளத்தில் அதன் நேர்ப்பொருள் சேறு. பேச்சு வழக்கில், சிரிப்பு வராத நகைச்சுவைக்குப் பெயர். நாம் ‘மொக்கை’ என்கிறோம். அதற்கு முந்தைய தலைமுறை ‘கடி’ என்றது. ஒரு மொழி சேற்றையும், மற்றொன்று முனைமழுங்கலையும், அதே மொழியின் முந்தைய தலைமுறை பல்லையும் உருவகமாக எடுத்துக்கொண்டது தனிக் கட்டுரைக்குரிய செய்தி.

பின்னர் படம் குறுவட்டிலும் இணையத்திலும் தொலைக்காட்சியிலும் புழங்கத் தொடங்கியது. விடுதி அறைகளில் நள்ளிரவில் கூடிப் பார்த்தார்கள். கேலிப்பட நிரல்கள் ஷாஜி பாப்பனையும் அறய்க்கல் அபுவையும் சாத்தான் சேவியரையும் அன்றாடச் செய்திகளுக்கு உரை எழுதும் முகங்களாக்கின. ‘சளி’ என்ற சொல் மெல்ல வசையிலிருந்து வகைப்பெயராக மாறியது. “சளி படம்” என்பது “அந்த மாதிரிப் படம், எனக்குப் பிடித்த மாதிரி” என்ற பொருளையும் ஏற்றது. சொற்பொருள் உயர்வுக்கு வகுப்பறையில் தேய்ந்துபோன எடுத்துக்காட்டுகளைத் தருவதற்குப் பதிலாக, இரண்டே ஆண்டுகளில் கண்முன் நடந்த இதைத் தரலாம். இந்த வரவேற்பு இல்லாவிட்டால் இரண்டாம் பாகம் எடுக்கப்பட்டே இருக்காது. ஒருபுறம் கறுப்பும் மறுபுறம் சிவப்புமாக ஷாஜி பாப்பன் கட்டிய வேட்டி அந்தப் பருவத்தில் கடைகளில் விலைக்கு வந்தது. தோற்ற முதல் படத்தையும் 2018இல் மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது வாக்கியத்துக்கு வருவோம்.

தமிழில் ஒப்பீட்டுக்கென்று பெயரடையில் சேரும் விகுதி கிடையாது. ‘விட’, ‘காட்டிலும்’, ‘போல’, ‘அளவுக்கு’ ஆகியவற்றைக் கொண்டே ஒப்பிடுகிறோம். இவை ஒன்றுக்கொன்று மாற்றாக வருபவை என்று பாடநூல்கள் தோற்றம் தந்தாலும் வேலை வேறு. “முதல் பாகத்தை விட மோசம்” என்றால், முதல் பாகமும் சொல்லும்படியானதன்று என்ற பொருளுக்கு இடமிருக்கிறது. “முதல் பாகம் அளவுக்கு இல்லை” என்றால் அந்த இடம் அடைபட்டுவிடுகிறது. எந்தப் பண்பில் அந்த அளவு இல்லை என்று சொல்லப்படவில்லை. ‘நன்றாக’ என்பதைக் கேட்பவரே நிரப்பிக்கொள்கிறார். முதல் பாகம் உயரத்தில் இருந்தது என்பது சொல்லப்படாமலேயே ஏற்கப்படுகிறது. முன்னனுமானம் என்று நாம் சொல்வது இதைத்தான். அதற்குரிய வழக்கமான சோதனையையும் செய்து பார்க்கலாம். வரிசையில் நிற்பவர் வெளியே வருபவரிடம் “முதல் பாகம் அளவுக்கு இருக்கா?” என்று கேட்கிறார். இவர் “இருக்கு” என்றாலும் “இல்லை” என்றாலும் முதல் பாகத்தின் உயரம் அசையாமல் நிற்கிறது. கேட்டவரும் சொன்னவரும், உடன்பட்டாலும் முரண்பட்டாலும், அந்த ஒன்றில் கைகோத்துவிட்டார்கள்.

வேறு தொடர்ச்சிப் படங்களில் இதைக் கவனிக்கத் தோன்றாது. ‘இன் ஹரிஹர் நகர்’ 1990இல் வெற்றி பெற்ற படம். 2009இல் ‘டூ ஹரிஹர் நகர்’ வந்தபோது அதன் உயரத்தை முன்னனுமானமாகக் கொண்டதில் சிக்கலில்லை. ‘ஹோம் அலோன்’ 1990இல் உலகெங்கும் ஓடியது. 1992இல் அதே சிறுவனை நியூயார்க்கில் தொலைத்துவிட்டு அதே கள்வர்களை மீண்டும் அடிவாங்க வைத்தபோது, ‘அதே கதை’ என்று குறை சொன்னவர்களும் முதல் படத்தைப் பற்றித் தகராறு செய்யவில்லை. ‘ஆடு’ விஷயத்தில் அந்த உயரம் திரையரங்கக் கணக்கில் எங்கும் பதிவாகவில்லை. 2017 டிசம்பரில் “முதல் பாகம் அளவுக்கு இல்லை” என்றவர்களில் பலர் முதல் பாகத்தைத் திரையரங்கில் பார்க்காதவர்கள். பார்த்திருந்தால் 2015இலேயே அது ஓடியிருக்குமே! தாங்கள் கொடுக்காத வெற்றியை அவர்கள் ஒரு முன்னனுமானத்தின் வழியே பின்தேதியிட்டு வழங்கினார்கள். இதைப் பொய் என்று கொள்ள மாட்டேன். கூட்டு நினைவு இலக்கணத்தின் வழியாகவும் உருவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று என் கண்ணில் பட்டதில்லை.

அடுத்தது, கிறிஸ்துமஸ் படங்களுக்கென்றே அமைந்த தீர்ப்பு: “குடும்பத்தோடு பார்க்கலாம்.” மலையாளத்தில் “குடும்பசமேதம் காணாம்.” இதில் படம் நன்றாக இருக்கிறது என்ற கூற்றே இல்லை. ‘-லாம்’ அனுமதியைக் குறிக்கிறது. தடை ஏதுமில்லை, முகம் சுளிக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். இதைவிட முக்கியமானது வேற்றுமை உருபு. ‘குடும்பத்தோடு’ என்பதில் குடும்பம் உடனிகழ்ச்சிப் பொருளில் நிற்கிறது. எழுவாய் சொல்லப்படவில்லை. அந்த எழுவாய் யார்? குடும்பத்தை அழைத்துச் செல்பவர். சீட்டு எடுப்பவர், வண்டி ஓட்டுபவர். “கணவரோடு பார்க்கலாம்” என்று ஒரு படத்தைப் பற்றி எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. குடும்பப் பார்வையாளர் என்று வணிகச் செய்திகள் ஓயாமல் பேசும் அந்தக் கூட்டம், தன்னைப் பற்றிய வாக்கியத்திலேயே எழுவாயாக வருவதில்லை.

‘ஆடு’ போன்ற படத்துக்கு இது சிறு விஷயமன்று. ஷாஜி பாப்பன் பெண்களைக் கண்டாலே எரிச்சலுறும் பாத்திரம். கும்பல் முழுக்க ஆண்கள். அவன் எரிச்சல் கேலிக்குரியதாகத்தான் காட்டப்படுகிறது என்று வாதிடலாம், நானும் பெரும்பாலும் அப்படித்தான் கருதுகிறேன். ஆனால் கேலி பாத்திரத்தின் மீது விழுகிறதா, பாத்திரத்தோடு சேர்ந்து அரங்கமும் பெண்ணைக் கேலி செய்கிறதா என்பதைச் சொல்லக்கூடியவர் அந்த ‘-ஓடு’ உருபுக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். நுண்பேசியை நீட்டிக் கருத்துக் கேட்பவர்கள் பெரும்பாலும் அவரைத் தாண்டிக்கொண்டு வீட்டுத் தலைவரிடம் போய்விடுகிறார்கள். அவரோ தாம் சிரித்ததைச் சொல்வதில்லை. “பிள்ளைகள் நல்லா சிரிச்சாங்க” என்கிறார். படர்க்கைச் சிரிப்பே குடும்ப நகைச்சுவைக்குச் சான்று!

மலையாளத்தில் இதைச் சொல்வது இன்னும் எளிது. அம்மொழியின் வினைமுற்று இடத்தைக் காட்டுவதில்லை. “சிரிச்சு” என்றால் நானும் சிரித்திருக்கலாம், நாங்களும் சிரித்திருக்கலாம், பக்கத்து இருக்கைக்காரரும் சிரித்திருக்கலாம். தமிழர் ‘சிரித்தேன்’, ‘சிரித்தோம்’, ‘சிரித்தார்கள்’ என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். அரங்கச் சிரிப்பு தொற்றும் தன்மையுடையது. யார் முதலில் சிரித்தார் என்பதே தெரியாது. அந்த வகையில் மலையாள வினைமுற்று அனுபவத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்று சொன்னால் தமிழ்த்துறை நண்பர்கள் என்மீது வருத்தப்படக் கூடாது.

குடும்பப் படம் என்பது படத்தின் உள்ளடக்கத்தைக் குறிக்கும் பெயரே அன்று. பார்க்கும் சூழலைக் குறிக்கும் பெயர். இதற்கு அதே 2017 டிசம்பரே சான்று தருகிறது. ‘ஆடு 2’ வெளியாவதற்கு ஒரு வாரம் முன்புதான் இதே நகரில் கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் 22ஆம் பதிப்பு நிறைவுற்றது. அதில் சுவர்ண சகோரம் பெற்ற படம் ஆன்மேரி ஜாசிர் இயக்கிய ‘வாஜிப்’. நாசரேத்து நகரில், கிறிஸ்துமஸ் காலத்தில், மகளின் திருமண அழைப்பிதழ்களை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் தந்தையையும், வெளிநாட்டிலிருந்து வந்த மகனையும் பற்றிய மெல்லிய நகைச்சுவைப் படம். தந்தையாகவும் மகனாகவும் நடித்த முகமது பக்ரியும் சாலிஹ் பக்ரியும் உண்மையிலேயே தந்தையும் மகனும். குடும்பம் இருக்கிறது, கிறிஸ்துமஸ் இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது. ஆயினும் அதைக் ‘கிறிஸ்துமஸ் குடும்ப நகைச்சுவைப் படம்’ என்று இந்த ஊரில் ஒருவரும் அழைக்க மாட்டார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுத் தனியாக வரிசையில் நிற்பவர்கள் பார்த்த படம் அது. அந்த விழாவிலும் பார்வையாளர் கருத்துக்கு முறையான இடமுண்டு. பிரதிநிதிகள் வாக்களித்து ஒரு படத்துக்கு விருது தருகிறார்கள். அங்கே கருத்து எண்ணப்படுகிறது. ஒரு வாரம் கழித்து, சில தெருக்கள் தள்ளி, அதே நகரத்தவர் சொல்லும் கருத்து வெறும் இரைச்சலாகக் கருதப்படுகிறது. இரு இடத்திலும் போகிறவர்கள் பலர் என்பதை இங்கு வாழ்பவர்கள் அறிவார்கள்.

இனி வழக்குகள். 2023இல் ஒரு மலையாளப் பட இயக்குநர், திட்டமிட்ட எதிர்மறை விமர்சனங்களால் படங்கள் அழிக்கப்படுகின்றன என்று கேரள உயர் நீதிமன்றத்தை அணுகினார். அதே அக்டோபரில் கொச்சியில் வேறொரு படத்தின் இயக்குநர் கொடுத்த புகாரின்பேரில் காவல்துறை வழக்கும் பதிந்தது. நீதிமன்றத்துக்குத் துணைசெய்ய அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் 2024 மார்ச்சில் அளித்த அறிக்கை, படம் வெளியான முதல் 48 மணி நேரத்துக்கு விமர்சனம் செய்யாதிருக்கலாம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம், முதல் நாள் திரையரங்க வளாகத்துக்குள் யூடியூப் அலைவரிசையினரை விட வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ ஆகியவற்றின் அனுபவம் காரணமாகச் சுட்டப்பட்டது. மூன்று நாள் தடை கேட்டு மற்றொரு தயாரிப்பாளர் அமைப்பு சென்னை உயர் நீதிமன்றம் சென்றது. 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது.

தயாரிப்பாளரின் அச்சத்தை நான் எள்ளி ஒதுக்கவில்லை. சிறிய படத்தின் விதி வெள்ளியும் சனியும் ஞாயிறும் முடிவாகிவிடுகிறது. திங்களன்று காட்சிகள் குறைகின்றன, அடுத்த வெள்ளி அரங்கே கைமாறுகிறது. ‘ஆடு’ மீண்டெழுந்ததைக் காட்டி, “நல்ல படம் எப்படியும் நிற்கும்” என்று சொல்வது இரக்கமற்ற பேச்சு. ஓர் ஆடு திரும்பி வந்தது, திரும்பாதவற்றுக்குக் கணக்கே இல்லை. 2015இல் போட்ட பணத்தை இழந்தவருக்கு விடுதி அறைச் சிரிப்பு ஒரு காசு தரவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆனாலும் 48 மணி நேர மௌனம் என்பது கருத்தின் மொழியை அறியாதவர்களின் தீர்வு. அது நிறுத்தக்கூடியது தன்மை ஒருமையில் பேசும் ஒருவரை மட்டுமே. நான் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை, காரணம் இது என்று முகத்தைக் காட்டிப் பேசுபவரை அது நிறுத்தும். நம் மொழிகளில் செய்தி பரவுவது அவ்வழியில் மட்டுமன்று. தமிழில் ‘-ஆம்’ என்ற இடைச்சொல் இருக்கிறது: “படம் நல்லா இல்லையாம்.” மலையாளத்தில் ‘அத்ரே’. சொல்பவர் உண்மைக்குப் பொறுப்பேற்பதில்லை. ஆனால் செய்தி கைமாறிவிடுகிறது. யார் முதலில் சொன்னார் என்று கேட்டால் விடை கிடையாது, ஏனெனில் அந்த விடையை மறைப்பதுதான் அவ்விடைச்சொல்லின் பணி. பொறுப்பேற்றுப் பேசுபவரின் வாயை இரண்டு நாள் அடைத்தால், அந்த இரண்டு நாளும் ‘-ஆம்’ ஆட்சி செய்யும். கூடவே சுவரொட்டியும். முதல் நாள் முதல் காட்சி முடியுமுன்பே “குடும்பங்கள் கொண்டாடும்” என்று அச்சாகி ஒட்டப்படும் வாசகமும் பார்வையாளரின் பெயரால் சொல்லப்படும் கருத்துதானே? அதற்கு 48 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்று யாரும் பரிந்துரைத்ததாகத் தெரியவில்லை.

காசு வாங்கிக்கொண்டு பேசுவோரைத் தண்டிக்க வேண்டுமானால் காசு வாங்கியதற்குத் தண்டிக்கட்டும். பேசிய நேரத்துக்காக அன்று.

நம் துறையினரின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு கருத்தரங்கில் இப்பொருளை முன்வைத்தபோது, “வாசலில் நின்று பத்து நொடி பேசுவதெல்லாம் தரவா?” என்ற கேள்வி எழுந்தது. கேட்டவர் நகைப்பைப் பற்றி நிறைய எழுதியவர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கை அதன் நிலைக்களன்களாகக் கொள்வதை நாம் மாணவர்களுக்குச் சொல்லித்தருகிறோம். பேதைமைக்கும் மடனுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வில் கேட்கிறோம். ஒன்று அறியாமை, மற்றொன்று பிடித்ததை விடாமை. ஷாஜி பாப்பனின் கும்பல் கயிற்றையும் ஆட்டையும் பிடித்துக்கொண்டு விடாமல் இழுபடுவது மடனுக்கு இக்காலத்தில் கிடைக்கும் நேர்த்தியான எடுத்துக்காட்டு. அவர்கள் முட்டாள்கள் என்பதனால் மட்டும் அரங்கம் சிரிக்கவில்லை, விடமாட்டார்கள் என்பதனால்தான் சிரிக்கிறது. இதை எனக்குக் கற்றுத்தந்தது உரையாசிரியர்கள் மட்டுமன்று. “அவன்மார் விடில்ல” என்று, படம் பார்த்து வந்து தம் தந்தையிடம் குதித்துக்கொண்டே சொன்ன ஒரு பள்ளிச் சிறுவனும்தான். பத்து நொடிகூட ஆகவில்லை.

செய்யக்கூடியது பெரிய காரியமன்று. கிறிஸ்துமஸ் விடுமுறையில் கையில் குறிப்பேட்டோடு நிற்பதற்கு நிதியுதவி வேண்டியதில்லை. ஆனால் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும், ‘நேர்மறை’, ‘எதிர்மறை’ என்று இரண்டு கூடைகளில் கொட்டக் கூடாது. “தரக்கேடில்ல” என்பதைக் கணினி நிரல் எந்தக் கூடையில் போடும்? ‘கேடு’ம் இருக்கிறது, ‘இல்ல’வும் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் அது பாராட்டு, அதிலும் சொல்பவர் முதியவரானால் மிகுந்த பாராட்டு. “கொள்ளாம்” என்பதும் குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து வாழ்த்தாகவும் வழியனுப்புதலாகவும் ஆகும். எழுவாய் யார், வினை எந்த இடத்தைக் காட்டுகிறது, ஒப்பீட்டில் எந்த உருபு வந்தது, ‘-ஆம்’ உண்டா இல்லையா, சொன்னவர் சீட்டு எடுத்தவரா அழைத்துவரப்பட்டவரா. இவ்வளவும் குறித்தால் போதும்.

‘ஆடு’ வரிசையில் மூன்றாம் பாகமும் அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றிய பேச்சில் நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது ஒன்றுக்காகத்தான்: “முதல் பாகம் அளவுக்கு இருக்கா?” என்று கேட்பார்களா, “இரண்டாம் பாகம் அளவுக்கு இருக்கா?” என்று கேட்பார்களா? தோற்ற படத்தையும் ஓடிய படத்தையும் அருகருகே வைத்து, இவற்றுள் எதை அளவுகோலாக இந்த ஊர் எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து அரங்குகளில் தமிழில் கேட்டுக் குறித்துத்தரக்கூடிய மாணவர்கள் யாரேனும் இருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள். குறிப்புப் படிவத்தை அனுப்பிவைக்கிறேன்.